வீரையா சாகக் கூடாது

"ஆ காட்டு வீரையா, இன்னும் ஒரே வாய்," என்று கெஞ்சினான் அழகுமலை.

தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்த வீரையா வாயைத் திறந்தான். ஆட்டுக்கால் சூப்பு உள்ளே போனது. பேச்சு நின்று நாலு நாளாகிவிட்டது. கண்கள் மட்டும் மூடவே இல்லை. அழகுமலை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவையும் அந்தப் பக்கம் நகர்ந்தன.

இருவருக்கும் ஆகாது. கிளாவரை மலைக்கிராமத்தில் பக்கத்துப் பக்கத்துப் பூண்டுக் காடு. ஓடைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்று பத்து வருஷச் சண்டை. எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், மேகம் இறங்கிய மலைப்பாதையில் இருவரும் கத்திக்கொண்டே நடந்தார்கள். ஒரு கட்டத்தில் அழகுமலை மட்டுமே கத்திக்கொண்டிருந்தான். வீரையா பள்ளத்தில் கிடந்தான்.

"மாஜிஸ்ட்ரேட் ஐயாவே வந்து மரண வாக்குமூலம் எழுதிட்டுப் போனாருண்ணே. உங்க பேரு என் காதுல விழுந்துச்சு," என்றாள் ஆஸ்பத்திரி ஆயா குஞ்சம்மாள்.

அழகுமலை முதல் பஸ் பிடித்து வத்தலக்குண்டு வக்கீலிடம் ஓடினான்.

"நகல் இப்போதைக்குக் கெடைக்காது. ஆனா அவன் செத்தான், நீ தொலைஞ்ச," என்றார் வக்கீல். "சாகப்போறவன் பொய் சொல்ல மாட்டான்னு சட்டம் நம்புது. அந்த ஒத்தக் காகிதமே போதும்."

"பொழைச்சிட்டான்னா?"

"பொழைச்சா அது மரண வாக்குமூலமே இல்ல. அவன் கூண்டுல ஏறிப் புதுசாச் சொல்லணும். நான் கேக்குற கேள்வியில திணறிருவான்."

அன்றிலிருந்து வீரையாவின் உயிருக்கு அழகுமலைதான் காவல். குளிருமே என்று தன் கம்பளியைப் போர்த்தினான். இவனுக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தம் வேண்டும் என்றார்கள்; கையை நீட்டினான். பழனிக்குப் போய் மொட்டை போட்டு, "முருகா, அந்தச் சண்டாளன் நூறு வயசு இருக்கணும்," என்று அழுதுவிட்டு வந்தான். வீரையா தேற, இவன் இளைத்தான். ஒரு நாள் டாக்டர் வந்து முதலில் இவனுடைய நாடியைத்தான் பிடித்துப் பார்த்தார்.

ரத்தம் ஏறிய மத்தியானம் வார்டே சில்லிட்டுப் போனது. ஜன்னல் வழியே நுழைந்த மேகம் கட்டில்களுக்கு அடியில் படுத்துக்கொண்டது. எதிர்க்கட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் வீரையா மெல்லச் சிரித்தான். சத்தமே இல்லை, பல் மட்டும் தெரிந்தது. அழகுமலை பின்வாங்கிக் கத்தினான்.

"ஆயா! இவன் சிரிக்கிறான்!"

"போற உசுரு சில நேரம் சிரிக்கும்ணே."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சூப்பு இரண்டு வேளையானது.

வீரையாவின் பெண்டாட்டி பெருமாயி கட்டிலருகே நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டாள். "பள்ளத்துல தள்ளாதவன் எதுக்கு ஆட்டுக்கால் தூக்கிட்டு அலையுறான்? நெஞ்சு குறுகுறுக்குதுல்ல!"

ஊரும் அதையே பேசியது. வீரையா கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

பதினைந்தாம் நாள் காலையில் ஏட்டு திருமலைச்சாமி வந்து நின்றபோது, வீரையா தானாகவே எழுந்து உட்கார்ந்தான். ஆழக் கிணற்றிலிருந்து வருவது போல் குரல் வந்தது.

"கெடந்து யோசிச்சுப் பாத்தேன் ஏட்டையா. கம்பளி குடுக்குறான், ரத்தம் குடுக்குறான், எனக்காக மொட்டை போடுறான். தள்ளாதவன் இதெல்லாம் செய்வானா? இவன்தான் தள்ளியிருக்கான்."

வார்டே அழகுமலையைத் திரும்பிப் பார்த்தது. அவனோ கன்னத்தில் கண்ணீர் வழியச் சிரித்தான்.

"என்னமும் சொல்லட்டுங்க. ஆள் பொழைச்சிட்டான்ல? அந்த மரண வாக்குமூலம் இனிமே செல்லாதுல்ல?"

ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"செல்லாதுப்பா. அதுலதான் 'அழகுமலை மேல தப்பில்ல, நானாத்தான் வழுக்கி விழுந்தேன்'னு சொல்லியிருந்தான்."