கெண்டைக்கால் கண்டால் விடாதவர்

நம் தேயிலை மலையில் ஓர் இனம் உண்டு. வலி அடுத்தவருக்கு, வைத்தியம் தன்னிடம் என்று திரிகிற இனம். நீங்கள் கொஞ்சம் நொண்டினால் போதும், கொட்டகலை பஸ்ஸில் மூன்று சீட் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவார்கள். "என்ன தங்கச்சி, கெண்டைக்காலா?" விசாரிக்கிறார்கள் என்றா நினைத்தீர்கள்? பரிசோதனையே அதோடு முடிந்தது.

இந்த இனத்துக்குத் தலைவர், தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்த கிளாக்கர் கணேசமூர்த்தி. எந்த யூனிவர்சிட்டிக் கெம்பஸும் கொடுக்க முடியாத பட்டம் ஒன்று அவரிடம் உண்டு. பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு ஓடும் என்று நம் ஆட்கள் நம்புவார்களே, அந்த நம்பிக்கைக்கு அவர்தான் சொந்தக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் தொல்லையே! கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்தலாம்.

கீழ் லயத்து வீட்டு வரிசைப் பேச்சியம்மாவின் மகள் சர்மிளா நடனம் படித்தவள். இரண்டு வருஷமாக அவளுக்கு இடது கெண்டைக்காலில் வலி. ஆறியது போலிருக்கும், நாலு அடவு போட்டதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். சனிக்கிழமை நடன ஆசிரியர் வேலைக்கு ஆடிக்காட்டும் பரீட்சை. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று சாமிக்கே தெரியாது. நுவரெலியாவில் பிசியோதெரபி மிஸ் சொன்னபடி மூன்று மாதமாகக் குதிப்பதை நிறுத்தி, வாசற்படி ஓரத்தில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்கி, வலி முக்கால்வாசி போயிருந்தது.

புதன்கிழமை அதைக் கணேசமூர்த்தி பார்த்துவிட்டார். படியில் நின்று ஏறி இறங்குவது ஒரு வைத்தியமா? எண்ணெய் இல்லை, பத்துப் போடுவது இல்லை, ஒரு 'ஆத்தா' என்ற அலறல்கூட இல்லை! ஐயோ பாவம், பிள்ளையை ஏமாற்றுகிறார்களே என்று அவருக்கு மனசு பொறுக்கவில்லை.

"படும்மா. ஒரே மிதி. சனிக்கிழமை மான் மாதிரி ஆடுவ."

"வேணாங்கய்யா. கால அழுத்தவே கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

"அந்த மிஸ் தலையால பொறந்தவங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?"

"பெரியவுங்க சொல்றாங்கல்ல, படுடீ" என்றாள் பேச்சியம்மா. கிளாக்கரய்யா வீடு தேடி வந்து காலைத் தூக்கும்போது வேண்டாம் என்றால் மரியாதையா? சர்மிளா படுத்தாள். அவர் குலசாமியை நினைத்துக்கொண்டு, கெண்டைச் சதையில் குதிகாலை வைத்து, முழுப் பாரத்தையும் இறக்கினார். அவள் போட்ட சத்தம் மேல் லயம் வரைக்கும் கேட்டது. அவருக்குப் பூரிப்பு.

"கேட்டீங்களா? சுளுக்கு வெளிய போற சத்தம்!"

சனிக்கிழமை சர்மிளாவால் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. பரீட்சை மண்டபத்து வாசல்வரை அம்மா தோளைப் பிடித்துப் போனாள். பெயரைக் கூப்பிட்டார்கள். நிற்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஞாயிறு காலை கணேசமூர்த்தி தைலப் போத்தலோடு வந்து நின்றார். "நான் அப்பவே நெனச்சேன். படியில ஏறி ஏறியே காலைக் கெடுத்துக்கிட்ட."

சர்மிளா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அய்யா, நெசமாவே நீங்க காலாலதான் பொறந்தீங்களா?"

"எங்க பெரியம்மா சொன்னாங்க. எனக்கோ தம்பிக்கோ... ரெண்டுல ஒருத்தருக்குன்னு."

இரண்டு வருஷப் பாடு, மூன்று மாதப் பொறுமை, ஒரு வேலை. தம்பியாகவும் இருக்கலாமாம்! வயிறு எரிகிறது எனக்கு.

உங்களுக்கும் எரிகிறதல்லவா? சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருஷமாகக் கெண்டைக்கால் வலி என்று வாசித்தீர்களே, அப்போது உங்கள் நாக்கு நுனிக்கு வந்தது என்ன எண்ணெய்?