டெலிபரேட்லி

“இந்த ஊசியைப் போட்டது யார்?”

பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு வேறு பாஷை வராது. கட்டிலில் இருந்த வாத்தியார் வீங்கிப்போன கையைத் தூக்கிக் காட்டினார்.

போட்டது, வார்டில் எல்லோரும் ‘சின்ன சிஸ்டர்’ என்று கூப்பிடும் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில், பேச்சுத் தேர்வில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டவள் அவள். பரீட்சை அறையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த முறை, படிக்கிற சொல்லை எல்லாம் வேலையிலேயே பேசிப் பழகுவது என்று கங்கணம் கட்டியிருந்தாள். அன்றைய சொல் ‘டெலிபரேட்லி’. அகராதியில் ‘நிதானமாக’ என்று போட்டிருந்தது. அதற்கு மேல் அவள் படிக்கவில்லை.

“ஐ டிட் இட் டெலிபரேட்லி, டாக்டர்!”

“வாட்?”

உச்சரிப்பு சரியில்லை போல என்று நினைத்து அழுத்திச் சொன்னாள். “வெரி டெலிபரேட்லி!”

வாத்தியார் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்துச் சின்ன சிஸ்டர் ஆறுதல் சொன்னாள். “ஸாரி சார். டுமாரோ, மோர் டெலிபரேட்லி!”

“என்னங்க சொல்றா இவ?” என்றாள் வாத்தியாரின் மனைவி.

“இன்னிக்கு வேணும்னேதான் குத்தினாளாம். நாளைக்கு இன்னும் வேணும்னே குத்துவாளாம்!”

அப்போதுதான் சின்ன சிஸ்டருக்கு விஷயம் விளங்கியது. “நாட் டெலிபரேட்லி, சார்! நாட் டெலிபரேட்லி!” என்று கதறிக்கொண்டே கட்டிலுக்கு ஓடினாள். கையில் ஊசித் தட்டோடு ஓடியதுதான் வினையாகப் போயிற்று. வாத்தியார் கழிப்பறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் வார்டில் ஒருத்தரும் அவளிடம் கையை நீட்டவில்லை.

“அகராதியில ஒரு வரியோட நிறுத்திட்டியாக்கும்?” என்று தலைமை நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். “அடுத்த வரியையும் படிம்மா!”

வீட்டுக்கு வந்தால், பரீட்சைக்குப் போட வேண்டிய உடுப்பை லாண்டரியிலிருந்து வாங்கிவரக் கணவன் மறந்திருந்தான்.

“யூ டெலிபரேட்லி ஃபர்காட்!”

“மறந்துட்டேன்னா மறந்துட்டேன். வேணும்னே எப்படிம்மா மறக்க முடியும்? அந்தச் சொல்லு இங்க பொருந்தாது.”

“போன மாசம் எங்கம்மா வந்த அன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போக மறந்தீங்களே?”

கணவன் கொஞ்சம் யோசித்தான்.

“பொருந்தும்,” என்றான்.

பரீட்சை நாள் வந்தது. வரவேற்பில் இருந்த பெண் காட்டிய அறையில், கசங்கிய உடுப்போடு, வாசலைப் பார்த்த நாற்காலியில் சின்ன சிஸ்டர் உட்கார்ந்தாள். டை கட்டிய ஒருவர் உள்ளே வந்தார்.

“மே ஐ ஸிட், மேடம்?”

எக்ஸாமினருக்கு இவ்வளவு பணிவா! “ப்ளீஸ்,” என்றாள்.

எதிரில் உட்கார்ந்தவர் பேசாமல் அவளையே பார்த்தார். சரி, ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். மூச்சை இழுத்துவிட்டாள். ஊசி, வீக்கம், கழிப்பறைத் தாழ், ஸ்டேஷனில் தவித்த அம்மா என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டினாள். டெலிபரேட்லி வர வேண்டிய இடத்தில் கச்சிதமாக வந்தது. அவர் நடுவில் வாயைத் திறந்தபோதெல்லாம் “ஒன் மினிட்” என்று கையமர்த்தினாள். ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு இப்போது யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

“மேடம், நீங்க அடுத்த ரூமுக்கு வாங்க,” என்று வரவேற்புப் பெண் கூப்பிட்டாள்.

இரண்டாவது ரவுண்டாம்! இருக்கட்டுமே. அந்த அறையில் இருந்த வழுக்கைத் தலைக்காரரிடம் இன்னும் அழகாகச் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் எழுந்து கைகுலுக்கி, “எக்ஸலன்ட்!” என்றார்.

கோட்டையைப் பிடித்த ராணி மாதிரி சின்ன சிஸ்டர் வெளியே வந்தாள். வரவேற்புப் பெண் ஓடிவந்து வழிமறித்தாள்.

“முதல் ரூம்ல அந்த டை கட்டினவரை என்ன மேடம் பண்ணீங்க? பரீட்சை எழுத வந்த மனுஷன், ‘எக்ஸாமினரம்மா என்னை வாயைத் திறக்கவே விடலை’ன்னு அழுதுட்டே வீட்டுக்குப் போயிட்டாரே!”