எர்த் கிளிப்பும் என் மகளின் மின்புலமும்

என் கையெழுத்தை என் மனைவியாலேயே படிக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'மின்புலம்' என்ற சொல்லை மட்டும் மகளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அதில் ஒருமுறை கைவைத்துப் பட்டதே போதும்.

மகள் செல்வி பிளஸ் டூ படித்தபோது, பள்ளிக் கண்காட்சியில் மின்னூட்டம் ஏற்றிய தட்டையான தகட்டின் மின்புலத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். தகடு பெரிதாக இருந்தால், சற்றுத் தள்ளிப் போனாலும் புலம் குறையாதாம். (அடுப்பை விட்டு விலகினால் சூடு குறைகிறதே என்று கேட்டேன். முறைத்தாள்.) முதலிடம் வந்தால் திருவள்ளூரில் மாவட்டப் போட்டி.

கதவகலத் தகரம் ஒன்றைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் சுமந்து வந்தேன். கண்காட்சி அறையில் அதைப் பிளாஸ்டிக் கட்டைகள்மேல் நிறுத்தி, பக்கத்தில் நூலில் ஒரு வெள்ளித்தாள் உருண்டையைத் தொங்கவிட்டாள். தகட்டில் மின்னூட்டம் ஏறினால் அது விலகிச் சாயுமாம்.

கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. தகரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒளிந்தவன் சும்மா இருந்திருக்கலாம். நான் வேலை செய்வது பிளாஸ்டிக் தாள் சுற்றும் ஆலையில். ஓடுகிற தாளில் மின்சாரம் சேர்ந்து ஆளைச் சுண்டிவிடும் என்பதால், தொடுவதற்கு முன் எர்த் கிளிப் மாட்டி அதைத் தரைக்கு அனுப்பிவிடுவோம். மகளுக்கும் ஷாக் அடிக்குமே என்று, பையிலிருந்த கிளிப்பைத் தகரத்தில் மாட்டி, அதன் கம்பியின் மறுமுனையை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டினேன்.

நடுவர் வந்தார். செல்வி கரும்பலகையில் கணக்கை முடித்தாள். பிளாஸ்டிக் தாளைத் தேய்த்துத் தேய்த்துத் தகரத்தில் மின்னூட்டம் ஏற்றினாள். உருண்டை அசையவில்லை. மறுபடியும் ஏற்றினாள். அது தூங்கியது.

"கணக்கு சரிதாம்மா. உருண்டைக்குத்தான் கணக்கு வரல" என்று நடுவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

கண் கலங்கத் தகரத்தைச் சுற்றி வந்தவள் கிளிப்பைப் பார்த்துவிட்டாள்.

"நைனா! இன்னா இது?"

"எர்த்துமா. உனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு..."

"நான் ஏத்த ஏத்த நீ எறக்கிக்கினே இருந்தியா?"

அறையே சிரித்தது. குழாய் வழியாக ஓடிப்போக முடியுமா என்று பார்த்தேன்.

"சார், ஒரு நிமிஷம்!" கிளிப்பைப் பிடுங்கினாள், மறுபடி ஏற்றினாள். உருண்டை தகரத்தைத் தொட்டதும் துள்ளி விலகிச் சாய்ந்து நின்றது. நூலோடு அதைச் சற்றுத் தள்ளி வைத்தாள். அதே சாய்வு!

"முன்னாடி ஏன் ஆடல?" என்றார் நடுவர்.

"மின்னூட்டம் சைபர்னா புலமும் சைபர் சார். என் கணக்குல அதுவும் வரும். அத செஞ்சு காட்டுனவரு எங்க நைனா."

நடுவர் என் கையைக் குலுக்கினார். (தகரத்துக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டினேன்.) முதலிடம் எங்களுக்கு! திருவள்ளூரில் அவளே முதலில் கிளிப்பை மாட்டிக் காட்டினாள், பிறகு கழற்றிக் காட்டினாள். அங்கும் பரிசு.

இன்றும் என் மனைவி கோபத்தில் குரலை உயர்த்தினால் செல்வி கூவுவாள்: "நைனா, அந்த கிளிப்ப எடுத்துக்கினு வா!" மனைவி சிரித்துவிடுவாள். புலம் சைபர்.

ஆரம்பாக்கம்,
ஆடி மாதம், முதல் ஞாயிறு.