வாஃபிளுக்கு இன்டர்வியூ

வருகிற சனிக்கிழமை காலை நாய்க்கு இன்டர்வியூ. நாயோ சோபாவில் மல்லாந்து கிடந்தது.

"உட்காரு," என்றான் நார்பர்ட்.

வாஃபிள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

குயின்ஸ் பகுதியில் இருந்த அந்தப் பழைய செங்கல் குடியிருப்பில் கமிட்டியின் சம்மதம் இல்லாமல் நாய் வளர்க்க முடியாது. வீட்டுக்கு ஒரு நாய்தான். அதையும் கமிட்டி நேரில் வந்து பார்க்கும். சொல்பேச்சு கேட்காத நாய்க்கு இடமில்லை. காப்பகத்திலிருந்து வந்த வாஃபிள் இதுவரை கற்றுக்கொண்டது, சோபாவின் எந்த மூலை அதிகம் மெத்தென்று இருக்கும் என்பதை மட்டும்தான்.

"நாய் போனா நானும் போயிடுவேன்," என்றாள் அவன் மனைவி டீலியா. "நீயும் சோபாவும் நிம்மதியா இருங்க."

"பயிற்சி குடுக்கணும்னு முதல் நாளே சொன்னேனே!"

"சொன்னது நீ. அப்ப குடுக்க வேண்டியதும் நீதான்."

நார்பர்ட் சீஸ் வாங்கி வந்தான். உட்கார்ந்தால் ஒரு துண்டு என்பது ஒப்பந்தம். வாஃபிள் நின்றபடியே பாக்கெட்டோடு பிடுங்கித் தின்றுவிட்டு அவன் செருப்பின் மேல் வாந்தி எடுத்தது.

பயிற்சியாளர் யோலாண்டாவுக்குப் போன் போட்டான்.

"சில நாய்ங்க பாத்துதான் கத்துக்கும் சார்," என்றாள் அவள். "நீங்க செஞ்சு காட்டுங்க. செஞ்ச உடனே உங்க வீட்டம்மா உங்களுக்கு சீஸ் குடுக்கட்டும். அது பாத்து ஏங்கணும்."

அன்று மாலை டீலியா, "உட்காரு!" என்றாள். நார்பர்ட் கம்பளத்தில் உட்கார்ந்தான். சீஸ். "உருளு!" உருண்டான். சீஸ். வாஃபிள் நாடகம் பார்க்க வந்த சீமாட்டியைப்போல முன்கால்களை மடித்து வைத்துக் கவனித்தது. ஏங்கவில்லை.

"நேத்தைக்கு இன்னைக்கு நல்லாவே உருளுற," என்றாள் டீலியா மறுநாள்.

"நிஜமாவா?"

இத்தனை வருட ஆபீஸ் வாழ்க்கையில் யாரும் அவனைப் பாராட்டிச் சீஸ் கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை யோலாண்டா இன்னொரு குண்டைப் போட்டாள். "குரைக்கிறதை நிறுத்துன்னா நிறுத்துதான்னு கண்டிப்பா பாப்பாங்க சார்."

"அது குரைக்கவே மாட்டேங்குதே!"

"குரைச்சாதானே நிறுத்த முடியும்? முதல்ல குரைக்கக் கத்துக் குடுங்க."

அக்கம்பக்கத்தில் கேட்டால் மானம் போகும். ஆகவே வாஃபிளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, ஷவரையும் திறந்துவிட்டு நார்பர்ட் குரைத்தான். முதலில் இருமல்போலத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் குரைத்தான். சாயங்காலத்துக்குள் ஊளையே கைவந்துவிட்டது. கண்ணை மூடினால் பனிக்காடு, பெரிய நிலா, தூரத்தில் யாரோ பதிலுக்கு ஊளையிடுவதுபோல ஒரு மயக்கம். கண்ணைத் திறந்தால் ஷாம்பூ பாட்டில். வாஃபிள் தரையின் குளிர்ச்சியில் தூங்கிப்போயிருந்தது. அவனுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

சனிக்கிழமை கமிட்டித் தலைவி மிஸஸ் ஸரெம்பா வந்து நாற்காலியில் அமர்ந்தார். கூடவே கமிட்டி உறுப்பினரான கீழ்வீட்டு ஃபிங்கல். அவர் வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

"எல்லாம் சுத்தமா பெருக்கியாச்சு சார்," என்றாள் டீலியா.

மிஸஸ் ஸரெம்பா கைத்தடியைத் தட்டினார். "உட்காரு!"

நார்பர்ட் சட்டென்று தரையில் உட்கார்ந்தான். டீலியாவின் கை தன்னையறியாமல் சீஸ் இருந்த பைக்குள் போயிற்று.

வாஃபிள் சோபாவிலிருந்து மெல்ல இறங்கி, நார்பர்ட்டைச் சுற்றிக்கொண்டு போய், மிஸஸ் ஸரெம்பாவின் மடியில் தாடையை வைத்துப் பெருமூச்சு விட்டது.

"அடி என் செல்லமே!" என்று உருகினார் அவர். "இப்படி ஒரு சாதுவை நான் பாத்ததே இல்ல. தாராளமா இருக்கட்டும்!"

டீலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நார்பர்ட் நன்றி சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஃபிங்கல் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இந்த நாய் தங்கம், யாரு இல்லேன்னா? ஆனா வீட்டுக்கு ஒண்ணுதானே கணக்கு? பாத்ரூம்ல அடைச்சு வச்சிருந்தீங்களே, தொண்டை கட்டின கிழட்டு நாய், அதை எங்க ஒளிச்சு வச்சிருந்தாலும் சரி, இன்னைக்கே வெளிய அனுப்பிடுங்க."