இடிக்குப் பயந்தவர் வாங்கிய ஹார்ட் டிஸ்க்

சிலாங்கூர் மாநிலத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட பயம் முழுவதையும் ஒரே ஆளாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் எங்கள் 'இன்னொண்ணு' கிராணி. அவர் எடுத்ததுபோக மிஞ்சியதைத்தான் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம்.

கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டம். எண்பதுகளின் கடைசி. தோட்டத்து ஆபீசில் நான் டைப்பிஸ்ட், அவர் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். எதைக் காட்டினாலும் "இன்னொண்ணு எங்க?" என்று கேட்பார். கடிதம் அடித்துக் கொடுத்தால் நகல் எங்கே, சாவி கொடுத்தால் மாற்றுச் சாவி எங்கே. ஆபீஸ் பையனாக இருந்து கிழவராகிவிட்ட வேலு தன் மகள் கல்யாணப் பத்திரிகை வைத்தபோதுகூட, ஒன்று தொலைந்துவிட்டால் முகூர்த்த நேரம் தெரியாமல் போய்விடும் என்று இரண்டு வாங்கிக்கொண்டார். பெயர் அப்படித்தான் வந்தது. அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். அதுவும் முன்யோசனையோடு செய்த ஏற்பாடுதான் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

இடது கையில் இரண்டு கடிகாரம் கட்டியிருப்பார். ஒரு நாள் இரண்டுக்கும் நான்கு நிமிடம் வித்தியாசம் வந்துவிட்டது. எது சரி என்று தெரியாமல் காலை முழுவதும் வேலை ஓடவில்லை. மத்தியானம் பட்டணத்துக்குப் போய் மூன்றாவதாக ஒன்று வாங்கி வந்தார், தீர்ப்புச் சொல்ல.

பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்துக்கு மீன் சாப்பிட எங்களை ஒருமுறை காரில் அழைத்துப் போனார். ஆற்றுப் பாலம் நெருங்கியதும் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கச் சொன்னார், சீட் பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னார். பாலம் உடைந்தால் நீந்தி வெளியே வர வசதியாக இருக்குமாம். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய பயம் இடி. எங்கள் பக்கத்தில் மத்தியானம் மூன்று மணிக்குமேல் வானம் கறுக்காத நாள் குறைவு. தூரத்தில் உறுமல் கேட்டதும் மூன்று கடிகாரத்தையும் கழற்றுவார், பெல்ட்டைக் கழற்றுவார், சாவிக்கொத்தை ஜன்னல் வழியாக வீசுவார். மர நாற்காலியில் காலைத் தூக்கிவைத்துக் குந்திக்கொள்வார். எங்களையும் அப்படியே உட்காரவைப்பார். ஒருமுறை மேனேஜர் உள்ளே வந்தபோது ஆபீஸ் முழுவதும் மரக்கிளையில் கோழிகள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அவருடைய பயத்தின் வேர் தெரிந்தது, ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான்.

தோட்டத்தில் பிறந்தவர்களின் விவரங்கள் பழைய பேரேடுகளில் இருந்தன. பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், எந்த லயம். பிறப்புப் பத்திரம் இல்லாத எத்தனையோ பேருக்கு அந்தப் பேரேடு ஒன்றுதான் சாட்சி. அவர் சின்னக் கிராணியாக இருந்த காலத்தில் அலமாரி அவர் பொறுப்பு. ஒரு மழைக்காலத்தில் கறையான் புகுந்து சில பக்கங்களைத் தின்றுவிட்டது. அதில் ஒரு பக்கத்தில் மாரியாயி என்ற பெண்ணின் பெயர் இருந்தது. புல் வெட்டுகிற வேலை. அந்த ஒரு வரி போனதால் அவளுக்கு அடையாளக் கார்டு கிடைக்கவில்லை. பிறகு அவள் பெற்ற பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் ஒவ்வொரு வாசலாக நிற்க வேண்டியிருந்தது. ஆபீஸ் பக்கம் அவள் வந்தால் கிராணி கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பயந்தார்.

கம்ப்யூட்டர் வந்ததும் நானும் அவரும் ஒரு வருஷம் உட்கார்ந்து பேரேடுகள் முழுவதையும் அதில் ஏற்றினோம். தொட்டால் உதிர்கிற தாள்கள். புரட்டிய பக்கம் திரும்பப் புரட்ட இருக்காது. மாரியாயியின் வரிக்காக அவர் பக்கத்துத் தோட்டத்து மருத்துவச்சி வைத்திருந்த நோட்டுப் புத்தகம்வரை தேடிப் போய் எழுதிக்கொண்டு வந்தார். எல்லாம் ஏறி முடிந்த அன்று மாலை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சரசு, இன்னொண்ணு எங்க?"

டிஸ்கெட்டுகளில் நகல் எடுத்தோம். எங்கள் ஊர் ஈரத்துக்கு மூன்றே மாதத்தில் அவற்றில் பூஞ்சணம் பூத்துவிட்டது. அவருக்கு இரத்த அழுத்தம் ஏறியது. மேனேஜரைத் தினமும் நச்சரித்து, வெளியில் வைத்து இணைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்க அனுமதி பெற்றார்.

கோலாலம்பூரில் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். பிஸ்கட் டின் அளவில் மூன்று பெட்டிகளைச் சீனப் பையன் மேசையில் வைத்தான். மூன்றுமே கெட்டுப்போகாது என்றான். கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. கெட்டுப்போகாது என்று சொல்கிற ஆளை எப்படி நம்புவது என்று என் காதில் கேட்டார். கைக்குட்டைக்குள் கொண்டுவந்திருந்த இரண்டு உயிருள்ள எறும்புகளை எடுத்துப் பெட்டியின் காற்று ஓட்டை வழியாக நுழைய முடியுமா என்று விட்டுப் பார்த்தார். நுழைந்தன. பையன் முதலாளியைக் கூப்பிட்டான்.

முதலாளியிடம் கிராணி ஒன்றே ஒன்று கேட்டார். இங்கே ரிப்பேர் பார்க்கிறவர் யார்? கடைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். அவர் மூன்றையும் பார்த்துவிட்டு, மூன்றுமே தன்னிடம் ரிப்பேருக்கு வருகின்றன என்றார். இரண்டு சத்தம் காட்டாமல் ஒரு நாள் செத்துப்போகும், இந்தப் பெரியது மட்டும் சாவதற்குக் கொஞ்ச காலம் முன்பே டிக் டிக் என்று அடிக்க ஆரம்பிக்கும் என்றார்.

"சொல்லிட்டுச் சாகற சாமான்தாம்மா நமக்கு வேணும்" என்றார் கிராணி. அதையே வாங்கினோம். அதே மாதிரி இன்னொன்றும் வேண்டும் என்று கேட்டார். மேனேஜரின் அனுமதி ஒன்றுக்குத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு மணிக்கு நான் அந்தப் பெட்டியை இணைத்து நகல் எடுக்க வேண்டும், முடிந்ததும் கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். கழற்றாமல் நகரக்கூடாது என்பது சட்டம்.

அடையாளக் கார்டுக்கு மனு வாங்க அதிகாரிகள் தோட்டத்துக்கே வருகிறார்கள் என்று தகவல் வந்தது. திங்கட்கிழமை. அன்று பேரேட்டுப் பட்டியல் அச்சில் தயாராக இருக்க வேண்டும். அதற்கு முந்திய வியாழக்கிழமை மத்தியானம் நகல் முடிந்த சமயத்தில் வானம் ஒரேயடியாக இருண்டது. எச்சரிக்கையே இல்லாமல் ஆபீசுக்குப் பின்னால் இருந்த தென்னையில் இடி விழுந்து மரம் தீப்பந்தமாக எரிந்தது. எல்லோரும் கையில் கிடைத்ததை விட்டுவிட்டுத் திடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டோருக்கு ஓடினோம். முதலில் போய்ச் சேர்ந்தவர் கிராணி.

மூச்சு வாங்கிக்கொண்டே தலைகளை எண்ணினார். பிறகு என்னிடம் வந்தார்.

"டிஸ்க்கைக் கழட்டிட்டியாம்மா?"

தலையை ஆட்டினேன், இல்லையென்று.

அவர் திட்டவில்லை. பெல்ட்டை உருவினார், கடிகாரங்களை வேலுவிடம் கொடுத்தார், செருப்பு ரப்பர்தானா என்று குனிந்து பார்த்தார். அவர் கால்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடின. அப்படி ஆடிக்கொண்டிருந்த கால்களோடு மழையில் இறங்கித் திடலைக் கடந்து ஓடினார். மின்னல் வெட்டும்போதெல்லாம் தரையில் குந்துவார், எழுந்து ஓடுவார், மறுபடி குந்துவார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் வேலுவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் என் நகம் அவர் கையில் பதிந்திருந்தது.

பெட்டியைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு படி இறங்கியபோது ஆபீஸ் மின்கம்பத்தில் இடி விழுந்தது. உள்ளே பட்டென்று ஒரு வெடிச் சத்தம். அவர் சேற்றில் மல்லாந்து விழுந்தார். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, "நான் இருக்கனா, நான் இருக்கனா லா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் கருகிப்போயிருந்தது. மறுநாள் அதே கடைக்கு பஸ்ஸில் போனோம். பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பள்ளம் வந்தபோதெல்லாம் சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலை மடக்கிக் குலுக்கலைத் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டார். ஒரு தோட்டத்து ஜனம் முழுவதும் அந்தப் போர்வைக்குள் இருந்தது.

பின்னறை முதியவர் வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தார். விளக்கு எரிந்தது. அடுத்த நிமிஷம், டிக். டிக். டிக்.

கிராணி சுவரைப் பிடித்துக்கொண்டார். முதியவர் கட்டளைகளைத் தட்டினார். எதை முதலில் எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். "மாரியாயி இருக்கற கோப்பு" என்றார் கிராணி. ஒவ்வொரு கோப்பாகக் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. சத்தம் வேகமானது, நின்றது, மறுபடி அடித்தது. கடைசிக் கோப்பு போய்ச் சேர்ந்தபின் அரை மணி நேரம்கூட அந்தப் பெட்டி தாங்கவில்லை. முதியவர் அதன் மேல் கையை வைத்து, முடிந்தது என்றார். அங்கேயே பட்டியலை அச்சடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம். இரண்டு பிரதி.

திங்கட்கிழமை மண்டபத்தில் மாரியாயி தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே நின்றாள். அதிகாரி நகரச் சொன்ன பிறகும் விரலை எடுக்கவில்லை. அதைப் பார்க்கக் கிராணி வரவில்லை. நனைந்ததில் கடுமையான காய்ச்சல்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். மாரியாயி மனு கொடுத்துவிட்டாள் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நான், கழற்ற மறந்தது என் தப்பு, மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லாத" என்றார். "நீ மறந்ததுதான் நல்லது. கழட்டறேன்னு நின்னுருந்தா, கம்பத்துல விழுந்தப்ப அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல நீ இருந்திருப்ப. வியாழக்கிழமையிலேர்ந்து அத நெனச்சிக்கிட்டேதான் கெடக்கறேன். தூக்கமே வரல புள்ள."

அவர் மனைவி கொடுத்த தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை. ஒருவர் நான்கு இரவு தூங்காமல் எனக்காகப் பயந்துகொண்டு படுத்திருந்தார் என்பதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.