கொம்பனின் முழங்காலும் ஒரு பெட்டிப் பட்டாசும்

தியாகதுருகம்
11.10.1987

அன்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி, திருநாவலூர் திரு. தங்கதுரை அவர்கள் சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற சர்வேயர் சுப்புராயன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் மனைவி அமிர்தம், நாய் கொம்பன் ஆகிய மூவரும் ஒரு முழங்கால் நீங்கலாகச் சுகம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை தமிழரசனும், எங்கள் மகள் செந்தமிழ்ச்செல்வியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று எங்கள் மலைமேல் இருக்கிற சாமியைத் தினமும் கும்பிடுகிறேன்.

தங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளை கண்ணில் நடுக்கூடத்தில் படுத்திருக்கும் நாயா படவேண்டும், அதை எங்காவது அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டாசில் மட்டும் குறை வைத்துவிடாதீர்கள், என் மகன் மூன்று வயதிலேயே அணுகுண்டுக்குத் திரி கிள்ளியவன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாய் எங்கும் போகாது. என் வாசலில் ஓலைவெடிகூட வெடிக்காது. இரண்டுக்கும் சம்மதம் என்றால் மாப்பிள்ளை வரட்டும், இல்லாவிட்டால் தலை தீபாவளியை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சுருக்கம் முடிந்தது. இனி விளக்கம்.

கொம்பனுக்கு வயது ஒன்பது. நான் கல்வராயன் மலையில் சங்கிலி பிடித்து நிலம் அளந்துகொண்டிருந்த காலத்தில், வெள்ளிமலையில் குட்டியாக என் பின்னால் வந்தவன், நான் ஏறின மேடெல்லாம் ஏறினவன், ஒரு நாள் நான் ஓடைப் பள்ளத்தில் விழுந்து கணுக்கால் பிசகிக் கிடந்தபோது ஆள் வருகிறவரை மூன்று மணி நேரம் தொண்டை கட்டக் குரைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவன். அன்றைக்கு அவன் என்னை எங்காவது அனுப்பிவிடவில்லை, சம்பந்தி. போன ஆவணியில் அவனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தேன். ஒரு முயலைப் பார்த்தான், தன் வயதை மறந்தான், பாறையிலிருந்து குதித்தான், வலது பின்னங்காலில் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. மெட்ராசுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம். எட்டு வாரம் ஓடக்கூடாது, தாவக்கூடாது, படி ஏறக்கூடாது, தினம் மூன்று வேளை காலை மடக்கி நீட்டிவிட வேண்டும் என்று சொன்ன டாக்டர் கடைசியாக இரண்டு விஷயம் சொன்னார். ஏதாவது சத்தத்துக்கு மிரண்டு துள்ளினால் உள்ளே கட்டின கட்டு அறுந்துபோகும், இந்த வயதில் மறுபடி திறக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் அந்தக் காலை ஊன்றியாக வேண்டும், இல்லாவிட்டால் தொடைச்சதை சூம்பிக் காலமெல்லாம் மூன்று காலில்தான் நொண்டுவான். நாளையோடு மாதம் முடிகிறது. இன்னும் ஊன்றவில்லை. தீபாவளியோ ஆறாவது வாரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்போது சொல்லுங்கள், நான் அணுகுண்டு வாங்கட்டுமா?

இங்கே நாங்கள் படுகிற பாடு தங்களுக்குத் தெரியாது. வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். இந்த ஊரில் ஐஸுக்கு எங்கே போவது? சைக்கிளில் குச்சி ஐஸ் விற்கிறவனை நிறுத்தித் தினமும் நான்கு வாங்கி, துணியில் சுற்றி முழங்காலில் வைத்தேன். கொம்பன் துணியோடு சேர்த்து நக்கித் தின்றான். சேமியா ஐஸ் என்றால் குச்சியையும் விடுவதில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிக்குக் கூட்டிப்போகும்போது பின்பாரம் காலில் விழாமல், அடிவயிற்றில் ஒரு துணியைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கல்யாணத்தில் தாங்கள் எனக்குப் போர்த்திய சரிகை அங்கவஸ்திரம் அதற்கென்றே நெய்தமாதிரி அளவாக இருக்கிறது.

“இன்னாங்க இது, சம்பந்தி போட்ட துண்டைப் போயி நாய் வயித்துல கட்டிக்கினு தெருவுல போறீங்க?” என்று அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“உன் கூறைப்புடவையக் குடு, மாத்திக் கட்டிக்கிறேன்” என்றேன். உடனே போய் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இதையெல்லாம் விடுங்கள். தையல் பிரித்த கதையைக் கேளுங்கள். பத்தாம் நாள் கள்ளக்குறிச்சியில் தையல் பிரிக்க வேண்டும். அது செப்டம்பர் இருபத்திரண்டு. இடஒதுக்கீடு கேட்டு ரோட்டையெல்லாம் மறித்திருந்த வாரம். பஸ் இல்லை, லாரி இல்லை, வழியெங்கும் புளியமரம் வெட்டிச் சாய்த்துக் கிடக்கிறது. அந்த வாரம் நடந்ததெல்லாம் சிரிக்கிற விஷயமில்லை, உயிரே போனது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தையலுக்கு அது தெரியுமா? சீழ் பிடித்தால் காலையே எடுக்க வேண்டும் என்றார்கள். மலையில் நோயாளியை எப்படிக் கீழே கொண்டுவருவார்கள் என்று பார்த்துப் பழகினவன் நான். ஒரு மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலி ஆக்கினேன், கொம்பனை உள்ளே படுக்கவைத்தேன், முன்பக்கம் எங்கள் குத்தகைக்காரர் சின்னக்கண்ணு, பின்பக்கம் அறுபது வயதில் நான், எட்டு மைல் நடந்தோம்.

வெட்டிச் சாய்த்த முதல் மரத்தருகே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டோலியைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“யாருக்குங்க? பிரசவமா?”

“ஆபரேஷன் கேஸுங்க” என்றேன். பொய் இல்லையே!

நான்கு பேர் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்கள், இரண்டு பேர் கிளையை ஒதுக்கினார்கள், பூப்போலத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். இறக்கின இடத்தில் கொம்பன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி அந்தப் பெரியவர் கையை நக்கினான்.

“அட இன்னாங்க இது! நாயி!”

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொம்பனைப் பார்த்தார், அவன் தொடையில் இருந்த தையலை எண்ணிப் பார்த்தார்.

“கெழ நாயிக்கா இவ்ளோ தூரம் தூக்கிக்கினு போறீங்க?” என்றார். பிறகு சின்னக்கண்ணுவிடம், “வெயில் ஜாஸ்தியா கீது, தண்ணி குடிச்சிட்டுப் போங்க. டேய், அந்த நாயிக்கும் ஊத்து” என்றார். அடுத்த மரம்வரை இரண்டு ஆளையும் கூட அனுப்பினார்.

முன்பின் தெரியாத மனிதர், அந்த வெயிலில், அத்தனை கவலைக்கு நடுவில், இவனுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சம்பந்தம் செய்துகொண்ட தாங்கள் இவனை வெளியே தள்ளச் சொல்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் என் முடிவில் மாற்றம் இல்லை. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மோதிரம், அதிரசம், முறுக்கு எதிலும் குறை வராது. வெடி மட்டும் கிடையாது. மீறி யாராவது தீக்குச்சியை உரசினால் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து கொட்டுவேன், அது மாப்பிள்ளை தலையானாலும் சரி. என் மகள் அழுவாள் என்று பயமுறுத்த வேண்டாம். அவளும் இந்த நாயோடு வளர்ந்தவள்தான்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி, கோபத்தோடு சொன்னாலும் முழு மனதோடு சொல்கிறேன். தங்கள் கறவை மாடுகள் நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு, பின்வாங்காத
சுப்புராயன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். இத்தனை பக்கத்தை மறுபடி எழுத எனக்குப் பொறுமை இல்லை. நான் கையெழுத்துப் போட்டு நிமிர்கிறேன், மாப்பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறார், தலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. “பட்டாசுங்க மாமா. நீங்க வாங்குறது கம்மியா இருக்கும்னு அப்பா இப்பவே குடுத்தனுப்பிச்சாரு” என்று வாசலில் இறக்கிவைத்தார். எனக்கு வந்த கோபத்தில் இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று உள்ளே திரும்பினேன். அதற்குள் கொம்பன் மெல்ல நொண்டிப் போய்ப் பெட்டியை மோந்து பார்த்தான், சுற்றி வந்தான், காலைத் தூக்கினான். ஆபரேஷன் ஆனதிலிருந்து பெட்டை நாய் மாதிரி குந்தியே ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தவன், சம்பந்தி! தூக்கினது நல்ல காலை. அப்படியானால் உடம்பு முழுக்க நின்றது எந்தக் காலில்? அந்தக் காலில்தான்! ஆடாமல் நின்றான். பெட்டி நனைந்து கீழே ஒழுகுகிறவரை நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அமிர்தம் கற்பூரம் கொளுத்திக்கொண்டு ஓடிவந்தாள். தாங்கள் அனுப்பிய பெட்டியால்தான் அவனுக்குக் கால் வந்தது, இந்த உதவியை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். தீபாவளிக்குத் தாங்களும் சம்பந்தியம்மாளும் அவசியம் வரவேண்டும். பட்டாசு மழையில் நனைந்துவிட்டது என்று தங்களுக்கு எழுதச் சொல்லி மாப்பிள்ளை கெஞ்சுகிறார். ஆனால் இங்கே பதினைந்து நாளாக ஒரு தூறல்கூட இல்லை.