சட்டம் தளர்ந்ததற்குத் துக்கம் காத்த ஜெர்மன் அண்ணை

சட்டம் இறுகினால் புலம்புகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டம் தளர்ந்துவிட்டதே என்று துக்கம் காத்த ஒரே பிறவி எங்கள் ஜெர்மன் அண்ணைதான்.

ஜெர்மனியில் பலகாலம் இருந்துவிட்டு லண்டனில் எங்கள் டூட்டிங் பகுதிக்கு வந்தவர். மரக்கறிக் கடையில் வேலை. வீதியில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியாமல் கடக்கமாட்டார். நாங்கள் கடந்தாலும் விடமாட்டார். "தம்பி, சிவப்பு! திரும்பி வாரும்!" என்று கத்துவார். பாதி வீதியிலிருந்து திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன்.

அப்படிப்பட்டவருக்கு லண்டன் பொலிசில் சேர ஆசை வந்ததில் என்ன அதிசயம்? ஆனால் லண்டனில் குறிப்பிட்ட காலம் வசித்திருக்க வேண்டும், கார் லைசென்சும் வேண்டும் என்றார்கள். மனுசன் அதற்குப் பிறகு லண்டனை விட்டு அசையவில்லை. பாரிசில் நடந்த சொந்தத் தங்கச்சியின் கலியாணத்தையே கோட் சூட் போட்டு, சோபாவில் இருந்தபடி போனில்தான் பார்த்தார். தாலி கட்டும்போது எழுந்து நின்று போனுக்கு அறுகரிசி போட்டார்.

லைசென்ஸ்தான் காலை வாரியது. பக்கத்து ஸ்ட்ரெதமில் கார் டெஸ்ட் ஓடும்போது, பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒரு மனுசியை வீதியைக் கடக்கச் சொல்லி, காரை நிறுத்திக் கை காட்டிக்கொண்டே இருந்தாராம். பின்னால் ஹோர்ன் அடித்தவனை இறங்கிப் போய்க் கண்டித்தாராம். ஒவ்வொரு முறையும் இப்படி ஏதாவது நடக்கும், பெயிலாகி வருவார்.

அப்போதுதான் செய்தி வந்தது. பொலிசுக்கு ஆள் போதவில்லையாம். வசிப்பிட நிபந்தனையும் இல்லை, லைசென்சும் தேவையில்லை. கடை முதலாளி லட்டுப் பெட்டியை உடைத்தார். அண்ணையின் முகமோ செத்தவீடு மாதிரி இருந்தது.

"ஆள் இல்லையெண்டால் சட்டத்தைக் குறைக்கிறதோ? நான் அப்பிளை பண்ணமாட்டன். பழைய சட்டப்படி பாஸ் பண்ணித்தான் போவன்."

நாங்கள் கெஞ்சிப் பார்த்தோம், அசையவில்லை. கடைசியில் அவர் மனைவி ராணி அக்கா வெங்காயம் உரித்தபடி கேட்டா.

"இப்பத்தைய சட்டம் என்ன சொல்லுது?"

"லைசென்ஸ் தேவையில்லையாம்."

"தேவையெண்டு நிக்கிறது ஆர்?"

"நான்தான்."

"அப்ப சட்டத்தை மீறுறது ஆர்?"

அண்ணைக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, ரெண்டு நாளா மீறிக்கொண்டு இருந்திட்டனே!" என்று ஓடிப்போய் விண்ணப்பித்தார். பொலிசிலும் அவரை எடுத்துக்கொண்டார்கள்.

போன வருசம் என் அம்மாவின் சங்கிலியை யாரோ வீதியில் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஊரில் சண்டைக் காலத்தில் யூனிபோம் போட்டவர்களின் சப்பாத்துக் கால்கள் வீட்டுக்குள் ஏறியதைப் பார்த்தவ அம்மா. பொலிசைக் கூப்பிடாதே என்று அழுதா. நான் கேட்கவில்லை.

கதவைத் திறந்தால் யூனிபோமில் ஜெர்மன் அண்ணை. அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டா. அண்ணை அவவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, சப்பாத்து இரண்டையும் வாசலில் கழற்றி வைத்தார்.

"அண்ணை, டியூட்டியில கழற்றலாமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"கூடாது. நீர் பேசாமல் இரும்" என்றவர், காலுறையோடு உள்ளே வந்து அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு, பக்கத்தில் தரையில் இருந்தார். "அம்மா, பயப்பிடாதேங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ."

சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அன்று என் அம்மா ஒரு பொலிஸ்காரருக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. அந்த மனுசனில் எனக்கு எவ்வளவு அன்பு என்று அவரிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.